பேக்கிங் பெட்டி மரத்தில் ஒரு வீடு

அப்பாவும் அம்மாவும் ஸ்டாக்ஹோம் வந்து அது மூன்றாவது வாரம். முதல் வாரத்தில் அப்பா எங்கள் ஃபிளாட்டில் இருந்த எல்லாக் கதவுகளின் கீல்களையும் சரிபார்த்து எண்ணெய் விட்டு முடித்துவிட்டார். இரண்டாவது வாரம் சமையலறை அலமாரிக் கதவு ஒன்று சரியாக மூடவில்லை என்று கழற்றி, அது மரமே இல்லை, மரத்தூளைப் பசையில் குழைத்து அழுத்திய பலகை என்று கண்டுபிடித்து, அன்று முழுக்க யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். நாற்பது வருஷம் உளி பிடித்த கை, அதற்கு இந்த ஊரில் வேலையே இல்லை. மூன்றாவது வாரம் அம்மாவே சொல்லிவிட்டாள், "இவரை எங்கயாச்சும் கூட்டிட்டுப் போடி, இல்லன்னா உன் கட்டிலைப் பிரிச்சிடுவாரு."

சரி, ஸ்கான்சென் போகலாம் என்றேன். அது என்ன என்றார். மியூசியம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அப்பாவுக்குத் தெரிந்த மியூசியம் தஞ்சாவூர் அரண்மனையும் எப்போதோ ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போனபோது பார்த்த எழும்பூரும்தான். இரண்டு இடத்திலும் கண்ணாடிப் பெட்டி, தொடாதே என்று போர்டு. "தொட்டுப் பாக்க முடியாத சாமான பாத்து என்னம்மா பண்றது" என்று கேட்டவரை, அங்கே வீட்டுக்குள்ளேயே போகலாம், எல்லாம் மர வீடு, சுமார் 150 கட்டடம் இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் சட்டையை மாட்டினார். அப்போதும் "என்ன மரம்?" என்றுதான் கேட்டார். பைன் என்றேன். "பேக்கிங் பெட்டி மரம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடப் போனார்.

ஸ்கான்சென் எங்கள் நகரத்துக்குள்ளேயே யூர்கோர்டன் தீவில் ஒரு குன்றின் மேல் இருக்கிறது. 7-ஆம் நம்பர் டிராம் வாசலிலேயே இறக்கிவிடும். 1891 அக்டோபர் 11-ஆம் தேதி திறந்தது. அந்தப் பெயருக்குச் சின்னக் கோட்டை, கொத்தளம் என்றுதான் பொருள், முன்பு அந்தக் குன்றில் அப்படி ஒன்று இருந்ததாம். இன்றைக்குப் போலந்திலும் ஹங்கேரியிலும் எந்த ஊரில் இப்படி ஒரு திறந்தவெளி அருங்காட்சியகம் இருந்தாலும் அதற்கு ஸ்கான்சென் என்றுதான் பெயர், நம் ஊரில் எந்த நகலெடுப்பையும் ஜெராக்ஸ் என்கிற மாதிரி. உலகத்திலேயே முதல் என்று இவர்கள் சொல்லிக்கொள்வதுண்டு. நார்வேக்காரர்களிடம் இதைச் சொன்னால் முறைப்பார்கள், ஏனென்றால் ஓஸ்லோ பக்கம் ராஜா இரண்டாம் ஆஸ்கர் 1881-லேயே பழைய கட்டடங்களைக் கொண்டுவந்து வைக்க ஆரம்பித்துவிட்டார். அப்போது இரண்டு நாட்டுக்கும் அவர்தான் ராஜா, ஆகையால் இது பங்காளிச் சண்டை, நான் தலையிடவில்லை.

இதை உண்டாக்கியவர் ஆர்தர் ஹசேலியஸ். மொழி ஆசிரியர். முதலில் அவர் இறங்கியது ஸ்வீடிஷ் எழுத்துச் சீர்திருத்தத்தில், அது எங்கேயும் போய்ச் சேரவில்லை (எழுத்துச் சீர்திருத்தம் என்று கிளம்பிய யாருக்குத்தான் நிம்மதி கிடைத்திருக்கிறது). அப்புறம் 1872-இல் மனைவியோடு நடு ஸ்வீடனில் டாலர்னா என்கிற மாகாணத்துப் பக்கம் பயணம் போனபோது, கிராமத்துப் பெண்கள் காலகாலமாக உடுத்திவந்த உடைகள் கண்ணெதிரே மறைந்துகொண்டிருப்பதைப் பார்த்து ஒரு கம்பளிப் பாவாடையை விலைக்கு வாங்கினார். பாவாடையில் ஆரம்பித்தது கலப்பை, தொட்டில், கட்டில், அலமாரி என்று வளர்ந்து கடைசியில் வீட்டையே வாங்குகிற அளவுக்குப் போய்விட்டது. எதையும் சேர்த்துவைக்கிற பழக்கம் உள்ள வீட்டுக்காரர் வாய்த்தவர்கள் இதைப் புரிந்துகொள்வார்கள். 1901-இல் இறந்தார், ஸ்கான்செனிலேயே புதைத்திருக்கிறார்கள்.

உள்ளே போனால் ஸ்வீடனையே சுருக்கி வைத்த மாதிரி, தெற்கத்தி வீடுகள் தெற்கே, வடக்கத்தி வீடுகள் வடக்கே என்று ஏறக்குறைய ஓர் ஒழுங்கு. கரடி, மூஸ் மான், ஓநாய் எல்லாம் உண்டு, குழந்தைகள் அந்தப் பக்கம்தான் ஓடும். நாங்கள் கரடியை ஐந்து நிமிஷம் பார்த்தோம், அது எங்களைப் பார்க்கவில்லை.

வீடுகளுக்குள் அந்தந்தக் காலத்து உடையில் ஆள் இருப்பார்கள். அடுப்பு எரியும், யாராவது நூல் நூற்பார்கள் அல்லது ரொட்டி சுடுவார்கள். அமெரிக்காவில் பிளிமத் என்கிற இடத்தில் பதினேழாம் நூற்றாண்டுக் குடியேறிகளாகவே நடித்துப் பேசுவார்கள், நீங்கள் ரயிலைப் பற்றிக் கேட்டால் ரயிலா, அது என்ன என்பார்கள். இங்கே அந்த நாடகம் கிடையாது. உடை மட்டும்தான் பழசு, பேச்சு இன்றைக்கு உள்ளது, "அந்தக் காலத்தில் அவர்கள் இப்படிச் செய்தார்கள்" என்று பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி விளக்குவார்கள். எனக்கு இதுதான் பிடிக்கிறது. அப்பா மாதிரி ஆளுக்குக் கேள்வி கேட்டால் நேராகப் பதில் வேண்டும்.

மோரா பண்ணைக்குப் போனோம். டாலர்னாவில் மோரா என்கிற ஊர்ப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த கட்டடங்கள், நடுவில் முற்றம் விட்டுச் சுற்றிலும். அதில் பிரதான வீட்டை ஹசேலியஸ் 1885-லேயே வாங்கிவிட்டார், ஸ்கான்சென் திறக்க ஆறு வருஷம் முன்பே. பெயின்ட் கிடையாது, வெயிலும் பனியும் பட்டுச் சாம்பல் நிறமாகிப்போன முழு மரங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது.

அப்பா உள்ளே போகவில்லை. மூலைக்குப் போனார்.

வீட்டின் வெளிமூலையில் நின்றுகொண்டு கட்டைவிரலால் மரத்தைத் தடவிப் பார்த்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு கிட்டத்தில் பார்த்தார். இரண்டு பக்கத்துச் சுவர் மரங்களும் அங்கே குறுக்கும் நெடுக்குமாக ஒன்றின் மேல் ஒன்று படுக்கின்றன. படுக்கிற இடத்தில் வெட்டுப் போட்டு ஒன்றின் வெட்டுக்குள் இன்னொன்று போய் உட்கார்ந்துகொள்கிறது, முனைகள் மூலையைத் தாண்டி ஒரு ஜாண் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அப்பா பாக்கெட்டிலிருந்து டிராம் ஸ்டாப்பில் கொடுத்த ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து அந்தப் பொருத்தில் செருகப் பார்த்தார். போகவில்லை. அடுத்ததில் செருகினார். அதிலும் போகவில்லை.

"ஒரு நூல்கூட இல்ல" என்றார். (தச்சு வேலை தெரியாதவர்களுக்கு: நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. எங்கள் வீட்டில் குழந்தைகள் சென்டிமீட்டருக்கு முன்னால் நூல் படித்தோம்.)

நான் ஃபோனில் தேடிப் பார்த்துச் சொன்னேன், இந்த மூலைப் பொருத்துக்கு ஸ்வீடிஷில் க்னூட் என்று பெயர், முடிச்சு என்றும் அதற்குத்தான் அர்த்தம் என்று. அப்பா தலையாட்டினார். "சரியாத்தான் வச்சிருக்கான். முடிச்சுதான் இது, இழுக்க இழுக்க இறுகும்."

அப்புறம் சுவரைப் படிக்க ஆரம்பித்தார். படிக்க என்றுதான் சொல்ல வேண்டும், அப்படித்தான் விரலை வைத்துக்கொண்டு வரிவரியாகப் போனார். முழு மரம் வளைவும் மேடுபள்ளமுமாகத்தான் இருக்கும், அதை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் இடையில் கை நுழைகிற அளவுக்குச் சந்து விழ வேண்டும், விழவில்லையே, எப்படி என்பதுதான் அவர் கணக்கு. கொஞ்ச நேரத்தில் அவரே கண்டுபிடித்துவிட்டார். மேல் மரத்தின் அடிவயிற்றை நீளவாக்கில் குடைந்து கீழ் மரத்தின் முதுகில் கவிழ்த்திருக்கிறார்கள், வெறுமனே குடையவில்லை, கீழ் மரத்தில் எங்கே மேடோ அங்கே இதில் பள்ளம், எங்கே பள்ளமோ அங்கே மேடு. இடையில் பாசியை வைத்து அடைத்திருக்கிறார்கள், காற்று வராமல். இதை எப்படி அளந்தான், எப்படிக் கோடு போட்டான் என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை.

உள்ளே இருந்த பெண்ணை அழைத்தேன். கோடு போட்ட பாவாடை, தலையில் துணி, கையில் பாதி பின்னிய காலுறை. நான் ஸ்வீடிஷில் கேட்டு அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன், அப்பா கேட்டதை அவளுக்குத் திருப்பினேன். கவை மாதிரி இரண்டு முனை உள்ள ஒரு இரும்புச் சாமான் உண்டாம். மேல் மரத்தைக் கீழ் மரத்தின் மேல் தற்காலிகமாகத் தூக்கி வைத்துவிட்டு அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனால், ஒரு முனை கீழ் மரத்தின் மேடுபள்ளத்தைத் தடவிக்கொண்டு போகும், இன்னொரு முனை மேல் மரத்தில் அதே கோட்டைக் கீறிக்கொண்டு வரும். அப்புறம் மரத்தைப் புரட்டிப்போட்டுக் கோட்டோடு கோடாகக் கோடாலியால் குடைந்து எடுக்க வேண்டியதுதான். நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அப்பா இரண்டு விரலை V மாதிரி விரித்துக் காற்றில் இழுத்துக் காட்டினார். அந்தப் பெண் "யா, யா, அப்படித்தான்" என்றாள். அதற்கப்புறம் அவர்கள் இருவருக்கும் நான் பாதிதான் தேவைப்பட்டேன்.

அடுத்த கேள்வி நிலைக்கதவைப் பற்றி. பைன் சுருங்குகிற மரம், மரம் காயக் காயச் சுவர் மொத்தமும் கீழே இறங்குமே, நிலை இறங்காதே, அப்படியானால் சுவர் நிலையின் தலையில் உட்கார்ந்து கதவு மாட்டிக்கொள்ள வேண்டுமே? அதற்கும் பதில் இருந்தது. கட்டும்போதே நிலைக்கு மேலே இடைவெளி விட்டுவிடுவார்களாம், சுவர் மெதுவாக இறங்கி இறங்கி அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும், அதுவரை ஒரு பலகையால் மறைத்துவைப்பது. "பத்து வருஷம் கழிச்சு வர்ற சுருக்கத்துக்கு இப்பவே எடம் விட்டிருக்கான்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள், காதில் வாங்கவில்லை.

ஒரு மரத்தின் அறுத்த முனையில் வளையங்களை எண்ணினார். ஒரு விரற்கடைக்குள் இருபதுக்கு மேல். இங்கே குளிரில் மரம் வருஷத்துக்கு ஒரு மயிரளவுதான் பருக்கும், அதனால் அத்தனை நெருக்கம். இறக்குமதிப் பெட்டிகளில் அவர் பார்த்த பைனில் ஐந்தாறு வளையம் இருந்தால் அதிகம். "பேக்கிங் பெட்டி மரம் இல்ல" என்றார், மன்னிப்புக் கேட்கிற குரலில்.

அம்மாவின் விஷயம் வேறு. வடக்குப் பக்கப் பண்ணை வீடு ஒன்றில் இரண்டு பெண்கள் துன்ப்ரெட் சுட்டுக்கொண்டிருந்தார்கள், மெல்லிய ரொட்டி, பார்லி மாவு கலந்தது. மாவை வட்டமாக, பெரிதாக, கிட்டத்தட்ட ஒரு சுளகு அகலத்துக்குத் தேய்த்து, பள்ளம் பள்ளமாகச் செதுக்கிய உருளையால் மேலே ஓட்டி, நீளமான மரப்பட்டையால் தூக்கிச் சூடான கல் தளத்தில் போட்டார்கள். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். "தீயை ஒரு பக்கமா தள்ளி வச்சிருக்கா பாரு, விவரமானவ" என்றாள். சூடாக வெண்ணெய் தடவிச் சுருட்டிக் கொடுத்ததை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு உப்பு பத்தவில்லை என்று தமிழிலேயே அந்தப் பெண்ணிடம் சொன்னாள். அவளும் சிரித்துக்கொண்டே இன்னொன்று கொடுத்தாள். இன்னொரு வீட்டில் நடுவில் ஓட்டை போட்ட வட்டமான காய்ந்த ரொட்டிகளை ஒரு கழியில் கோத்து உத்தரத்துக்குக் கீழே தொங்கவிட்டிருந்தார்கள். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் சுடுவது, மாதக்கணக்கில் அதையே ஒடித்துத் தின்பது. உறி மாதிரி, எலிக்கு எட்டாது என்றாள் அம்மா. எனக்கு அந்த ரொட்டி பிடிக்காது, அட்டை மாதிரி இருக்கும், இதை இந்த ஊர்க்காரர்கள் முன்னால் சொல்வதில்லை.

எல்லா வீட்டுக்கும் ஏன் காவி அடித்திருக்கிறார்கள் என்று அவள் கேட்டதும் நியாயமான கேள்விதான். இந்த ஊர்க் கிராமம் முழுக்க அதே செங்காவி நிறம். ஃபாலுன் என்கிற இடத்துச் செப்புச் சுரங்கத்தின் கழிவு மண்ணிலிருந்து எடுக்கிற நிறம், அதில் கம்பு மாதிரி இங்கே விளைகிற ரை என்ற தானியத்தின் மாவையும் ஆளி விதை எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துக் காய்ச்சிப் பூசுவார்கள். சுரங்கத்தை 1992-இல் மூடிவிட்டார்கள், பெயின்ட் மட்டும் இன்னும் வருகிறது. "மாவு காய்ச்சியா? சுவத்துக்கு கஞ்சி போடுறாங்கன்னு சொல்லு" என்றாள்.

மதியத்துக்கு மேல்தான் அந்த நீள வீட்டுக்குப் போனோம். ஸ்கான்செனில் பெரிய மனிதர் மாளிகையும் இருக்கிறது, மெழுகுவர்த்திச் சரவிளக்கும் சித்திரத் துணி ஒட்டிய சுவருமாக, அதைப் பார்க்கத்தான் கூட்டம். இது அதற்கு நேரெதிர். சோடர்மான்லாந்து மாகாணத்திலிருந்து வந்த ஸ்டாத்தாரே குடியிருப்பு, ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் குடும்பங்கள், ஒரு குடும்பத்துக்கு ஓர் அறையும் அடுப்படியும். ஸ்டாத்தாரே என்றால் பண்ணையாள். கல்யாணம் ஆனவனாகப் பார்த்து எடுப்பார்கள், ஏனென்றால் பெண்டாட்டியும் பால் கறக்க வர வேண்டும், அதிகாலையும் சாயங்காலமும், வாரத்தில் ஏழு நாளும். அந்தப் பால்கறவைக்கு வெள்ளைச் சாட்டை என்று பெயர். ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்கு, அக்டோபரிலிருந்து அக்டோபருக்கு. கூலியில் பணம் கொஞ்சம்தான், மீதியெல்லாம் தானியம், பால், உருளைக்கிழங்கு, விறகு. வருஷ முடிவில் ஒரு வாரம் ஓய்வு, அந்த வாரத்தில்தான் தட்டுமுட்டுச் சாமானை வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த பண்ணைக்குப் போவார்கள், அங்கேயும் இதே மாதிரி ஓர் அறையும் அடுப்படியும். 1945-இல்தான் இந்த முறையை ஒழித்தார்கள். இந்த நாட்டில். அப்பா பிறப்பதற்குச் சில வருஷம் முன்பு.

இதை நான் மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பா அந்த அறையின் மேசையைத் தடவிக்கொண்டிருந்தார். "உங்க தாத்தாவுக்கும் பணமாக் கூலி கெடையாது" என்றார். அது எனக்குத் தெரியாது. எங்கள் ஊர்ப் பக்கம் ஆசாரிக்கு வருஷம் பூரா குடியானவர்களின் கலப்பையையும் வண்டியையும் பழுது பார்ப்பது வேலை, அறுவடை ஆனதும் களத்துமேட்டுக்கு ஒரு கூடையை எடுத்துக்கொண்டு போய் நிற்க வேண்டும், நெல் தூற்றி அளந்து முடித்த பிறகு இவருக்கு இத்தனை மரக்கால் என்று அளந்து போடுவார்கள். விளைச்சல் சரியில்லை என்றால் அதிலும் குறையும். "அதுக்குப் பேரு என்ன தெரியுமா?" என்று கேட்டார். தெரியவில்லை. "சுதந்திரம்." களத்துச் சுதந்திரம் என்றே சொல்வார்களாம். நான் ஏதோ கிண்டல் பண்ணுகிறார் என்று நினைத்தேன். இல்லை, உண்மையிலேயே அதற்கு அதுதான் பெயர், உரிமை என்கிற பழைய பொருளில். இந்த வீட்டில் பழைய உடையில் இருந்த பெண்ணுக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்து, ஸ்வீடிஷில் அந்தச் சொல்லைச் சொன்னபோது எனக்கே கூச்சமாக இருந்தது. அவள் சிரிக்கவில்லை. எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டு, ஏப்ரனிலிருந்து ஒரு சின்னக் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டாள்.

தஞ்சாவூரில் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952-இல். ஏழு வருஷ வித்தியாசம். காகிதத்தில் ஏழு வருஷம்.

சாமி மக்களின் கூடாரமும் ஓர் இடத்தில் இருக்கிறது, வடக்கே கலைமான் வளர்ப்பவர்கள். "சாமின்னே பேரா?" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போனாள். இந்த இடத்தில் எனக்கு ஸ்கான்செனோடு ஒரு வழக்கு உண்டு. ஆரம்ப நாட்களில் சாமி குடும்பங்களையே வடக்கிலிருந்து அழைத்துவந்து கலைமானோடு இங்கே குடியிருக்கவைத்துப் பார்வையாளர்களுக்குக் காட்டியிருக்கிறார்கள். சம்பளம் கொடுத்தார்கள், இருக்கட்டும். விவசாயி வேஷத்தில் உட்கார்ந்திருப்பவர் சாயங்காலம் உடையை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார், அவர்கள் எங்கே போவது? உயிருள்ள அருங்காட்சியகம் என்கிற சொல்லை அங்கே நின்று சொல்லிப் பார்த்தால் வாய் கொஞ்சம் கசக்கிறது.

நகர்ப் பகுதியில் கண்ணாடி ஊதுகிற பட்டறை, அச்சகம், பழைய இரும்புக்கடை எல்லாம் உண்டு. கண்ணாடி ஊதுவதை எல்லோரும் வாய் பிளந்து பார்க்கிறார்கள், பார்க்கத் தகுந்ததுதான். அப்பாவை அங்கிருந்த மரப்பட்டறையிலிருந்து வெளியே கொண்டுவரத்தான் நாற்பது நிமிஷம் ஆயிற்று. கூரையில் ஓடுகிற ஒரு தண்டிலிருந்து வார்ப்பட்டை வழியாக எல்லா எந்திரமும் சுற்றுகிற மாதிரி அமைப்பு. சுவரில் இழைப்புளிகள் வரிசையாக. எங்கள் ஊர் இழைப்புளிக்குக் குறுக்கே கட்டை வைத்திருக்கும், இதற்கு முன்னால் கொம்பு மாதிரி ஒரு பிடி. இரண்டு கையாலும் காற்றில் பிடித்து இழைத்துப் பார்த்தார். சங்கிலி கட்டியிருந்ததால் எடுக்க முடியவில்லை, அதில் கொஞ்சம் வருத்தம்.

கிளம்புகிற நேரத்தில் மறுபடி மோரா பண்ணைக்குப் போக வேண்டும் என்றார். கால் வலிக்கிறது என்று அம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள், நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். காலையில் பார்த்த மூலைக்குப் பக்கத்தில், கண் மட்டத்தில், ஒவ்வொரு மரத்திலும் சின்னச் சின்னக் கீறல்கள். ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு, அப்புறம் பெருக்கல் குறி மாதிரி. அதைத்தான் கேட்க நினைத்திருக்கிறார். அந்தப் பெண் இன்னும் இருந்தாள், காலுறை கணுக்கால் வரை வளர்ந்திருந்தது. அது தச்சர் போட்ட அடையாளம் என்றாள். இந்த மாதிரி வீட்டை இவர்கள் அசையாச் சொத்தாகவே நினைத்ததில்லையாம். மரம் வெட்டிய இடத்திலேயே சுவரைக் கட்டிப் பொருத்திப் பார்த்து, எண் போட்டுப் பிரித்து, பனிக்காலத்தில் சறுக்கு வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய் மனையில் மறுபடி அடுக்குவார்கள். பிறகு வேறு ஊருக்குக் குடிபோனால் வீட்டையும் பிரித்துக் கட்டிக்கொண்டு போவதுண்டு. பாகப்பிரிவினையில் வீடு ஒருவனுக்கும் மனை இன்னொருவனுக்கும் போனால் இவன் வீட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். ஆக ஹசேலியஸ் புதிதாக ஒன்றும் செய்யவில்லை, அந்த வீடுகளுக்கு ஏற்கெனவே தெரிந்த வேலையைத்தான் இன்னொரு தரம் செய்யச் சொல்லியிருக்கிறார்.

நான் உற்சாகத்தில், நம் ஊரிலும் இப்படிச் செய்திருக்கிறார்கள் அப்பா, மகாபலிபுரம் போகிற வழியில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா என்று, 1996-இல் திறந்தார்கள், செட்டிநாட்டு வீடு, காஞ்சிபுரம் நெசவாளர் வீடு, புதுப்பள்ளியிலிருந்து கேரளத்துக் கிறித்தவர் வீடு என்று பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள், லாரி பேக்கர் என்கிற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது, ஊருக்கு வரும்போது கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிக்கொண்டே போனேன். அப்பா கேட்டுக்கொண்டிருந்த மாதிரித் தெரியவில்லை.

எங்கள் தாத்தா கட்டிய ஓட்டு வீட்டை 2009-இல் இடித்தோம். இடித்தோம் என்ன, அப்பாதான் பிரித்தார், கூலிக்கு ஆள் வைக்காமல் அவரும் சித்தப்பாவும். மாடி வீடு கட்ட வேண்டும் என்று நச்சரித்தது நான்தான், காலேஜ் சிநேகிதிகளை வீட்டுக்குக் கூப்பிட வெட்கமாக இருக்கிறது என்று ஒரு நாள் சாப்பிடாமல்கூட இருந்திருக்கிறேன். நாலு தேக்குத் தூண், வேப்பமர உத்தரம், தாத்தா கையால் செதுக்கிய வாசக்கால். பழைய மரம் வாங்குகிற வியாபாரி ஒருவர் லாரியோடு வந்து எடை பார்க்கிற மாதிரிப் பார்த்து ஒரு தொகை சொன்னார், அது புது வீட்டின் தளம் போடுவதற்கே பத்தவில்லை. அந்தத் தூண்கள் காரைக்குடிக்குப் போயிருக்கும், அங்கிருந்து ஏதாவது ஓட்டல் வரவேற்பறைக்குப் போயிருக்கும். வாசக்காலை மட்டும் அப்பா விற்கவில்லை. மாட்டுக்கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்தார், இன்னும் அங்கேதான் இருக்கிறது.

"நம்ம வீட்டுல தூணுக்கும் உத்தரத்துக்கும் உங்க தாத்தா ஆணி அடிக்கல, எல்லாம் கழுந்துதான். பிரிக்கும்போது ஒவ்வொண்ணா கழட்டித்தான் எடுத்தேன், ஒண்ணும் ஒடையல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நம்பர் போட்டிருக்கலாம்" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. டிராமில் வரும்போது அம்மா தூங்கிவிட்டாள்.

மறுநாள் ஆஃபீஸிலிருந்து வந்தபோது சமையலறையில் மரச் சிராய்கள். கீழ்த் தளத்துக் கிழவர் அவருடைய கோடைக்கால வீட்டு அடுப்புக்கு வைத்திருந்த விறகில் நாலு கட்டையை அப்பா சைகையிலேயே கேட்டு வாங்கிவந்திருக்கிறார், கிழவர் கூடவே ஒரு உளியும் கொடுத்தனுப்பியிருக்கிறார். இரண்டு முள்கரண்டிப் பற்களை வளைத்து அந்தக் கவைச் சாமானும் தயார் (அந்த முள்கரண்டி போனது போனதுதான்). நாலு கட்டையும் குறுக்கும் நெடுக்குமாக ஒன்றன்மேல் ஒன்று, ஒரு வீட்டின் மூலை மட்டும், ஜன்னல் திட்டில் வைத்திருந்தார். ஒவ்வொரு கட்டையிலும் பேனாவால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று தமிழ் எண் போட்டிருந்தது.

நான் ஒரு பேருந்து ரசீதை எடுத்துப் பொருத்தில் செருகிப் பார்த்தேன். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் கொஞ்சம் போனது. "அங்க அரை நூல் விட்டுப்போச்சு" என்றார் அப்பா, டீயை ஆற்றிக்கொண்டே, "அவங்க உளி மொட்டை."